முன் இடது சிலிண்டரில் ஐந்து துளி

ஜேர்மனியிலிருந்து மனைவியின் தம்பி என் மகளுக்கு அனுப்பிய, றேடியோவால் ஓட்டும் விளையாட்டுக் கார் எண்பத்தாறாம் ஆண்டு உடுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. மேடுபள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்த கார். நீளம் பதினைந்தரை அங்குலம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுட்டுவிரல் அளவில் ஒரு ஷொக் அப்சோபர். வெளியே சுருள்வில், உள்ளே எண்ணெய் நிரப்பிய சிலிண்டர். எண்ணெய் குறைந்தால் அந்தச் சக்கரம் துள்ளும், கார் கவிழும்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அவளோடு படித்தவர்களில் மூன்று பேர் இரண்டு மாதத்துக்குள் வீட்டில் சொல்லாமல் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது பிள்ளையின் வீடு எங்கள் ஒழுங்கையில் ஆறாவது. அதற்குப் பிறகு மகள் சாப்பாட்டைக் குறைத்தாள், கதையையும் குறைத்தாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

காரைப் பிரித்துப் பூட்டும்போது மட்டும் முகம் தெளியும். அன்ரெனாவைக் கண்டு இயக்கத்தின் வோக்கிரோக்கி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று பின்வளவில் மட்டும் ஓட்டவிட்டேன். அங்கே தென்னம்மட்டைகளை அடுக்கி ஒரு மேடு செய்திருந்தாள். கார் அதில் ஏறிப் பாய்ந்து நாலு சக்கரமும் ஒன்றாக நிலத்தில் பதியவேண்டும். பேனைக்கு மை விடும் பில்லரால் சிலிண்டர் ஒன்றுக்கு மனைவியின் தையல் மெசின் எண்ணெயில் முப்பத்திரண்டு துளி விட்டு, தண்டை மேலும் கீழும் அசைத்துக் காற்றுக்குமிழியை எடுப்பாள். நாலுக்கும் ஒரு மணி இருபது நிமிடம் செல்லும். அவ்வளவு நேரமும் அவள் வாசல் படலைப் பக்கம் பார்ப்பதில்லை.

கார் சரிவந்துவிட்டால் பிறகு என்ன செய்வாள்? ஒரு காலை அவள் கிணற்றடிக்குப் போன நேரம் முன் இடது சிலிண்டரைத் திறந்து ஐந்து துளியை எடுத்தேன். மாலையில் கார் கவிழ்ந்தது. அவள் திரும்பவும் பிரித்தாள். மறுநாளும் எடுத்தேன். இப்படிப் பதினேழு நாள்.

“அப்பாவும் மகளும் என்ரை மெசின் எண்ணெயைக் குடிக்கிறியளோ?” என்றாள் மனைவி.

பதினேழாம் நாள் மகள் சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஏனப்பா இதிலை மட்டும் குறையுது?”

“உள்ளுக்கை ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும் பிள்ளை. ஒழுகுது போலை.”

அடுத்த நாள் காலை எட்டேகாலுக்குச் சைக்கிளோடு முற்றத்தில் நின்றாள்.

“நெல்லியடிக்குப் போட்டு வாறன். சைக்கிள் வால்வ் ரியூப்பை வெட்டினால் வளையத்துக்குச் சரிவரும்.”

“நான் வாங்கி வாறன்.”

“உங்களுக்குப் பள்ளிக்கூடமெல்லே.”

நான் செருப்பைத் தேடுவதற்குள் போய்விட்டாள். வால்வ் ரியூப் எங்கள் சந்திக்கடையிலும் கிடைக்கும் என்பது பிறகுதான் என் புத்தியில் பட்டது. அவளை வீட்டுக்குள் வைத்திருப்பதற்காக நான் சொன்ன பொய்யே அவளை றோட்டில் ஏற்றிவிட்டது.

போய்வர ஒரு மணித்தியாலம் போதும். நான் அன்று படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒன்பதரைக்கு ஆமி ஹெலி ஒன்று கடற்கரைப் பக்கமாக மூன்று தரம் சுற்றிவிட்டுப் போனது. பத்து மணிக்கு அவளுடைய அலுமாரியைத் திறந்து சட்டைகளை எண்ணினேன். பதினொன்று இருந்தன. முன்பு எத்தனை இருந்தன என்பது எனக்குத் தெரியாது.

பதினொன்று பத்துக்கு வந்தாள். சைக்கிளைச் சாத்துமுன்பே சொன்னேன்.

“அது ஒழுகேல்லை. நான்தான் எண்ணெயை எடுத்தனான்.”

“தெரியும். கார் நிக்கிறது பேப்பருக்கு மேலை. இவ்வளவு நாளும் ஒரு கறை இல்லை. கணக்கு வாத்தியாருக்கு அது விளங்கேல்லையோ?”

“பிறகேன் போனனீ?”

“வெளியிலை போக நீங்களே ஒரு காரணம் தந்தனீங்கள்.”

“நெல்லியடிக்கு மூண்டு மணித்தியாலமோ?”

“வரேக்கை ஆறாம் வீட்டை ஏறினனான். பிள்ளை போன நாளிலை இருந்து மாமி சமைக்கிறேல்லையாம். அவவோடை இருந்திட்டு வாறன்.”

அப்போதுதான் கேட்டேன். “நீயும் போகப்போறியோ?”

“இதைக் கேக்க உங்களுக்குப் பதினேழு நாளோ அப்பா?” கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, காருக்கு முன்னால் குந்தினாள். “இப்ப இல்லை” என்றாள்.

முப்பத்திரண்டு துளியையும் என் கண்முன்னே விட்டாள். மாலையில் கார் மேட்டில் ஏறிப் பத்துத் தரம் பாய்ந்தது. பத்துத் தரமும் நாலு சக்கரத்தில் நின்றது. ஒரு தரமாவது கவிழட்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.