நூலோடு வந்த உப்புக்கண்டம்

அந்த யோசனை வந்த நேரத்தில் என் கையில் ஒரு மூங்கில் கழி இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு காக்கை இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே, மொட்டைமாடிக் கொடியில், எங்கள் வீட்டு பக்ரீத் மாட்டுக்கறி உப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டு பட்டை பட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்து வயது. காற்றடித்ததும் அத்தனை பட்டைகளும் ஒரே பக்கமாக ஆடின. பார்க்க என் பள்ளிக்கூட ரிப்பன் மாதிரியே இருந்தது. ரிப்பனை மடித்துக் கட்டலாம், பூவாகச் சுருட்டலாம், பின்னலுக்குள் ஒளித்து வைக்கலாம். இந்தக் கறியை மட்டும் ஏன் வருஷா வருஷம் ஒரே குழம்பில் போட்டு மூடுகிறார்கள்?

புதுச்சேரியில், சாரம் பகுதியில் எங்கள் வீடு. கீழே அத்தாவின் அண்ணனான பெரியத்தாவும் பெரியம்மாவும் அவர்களுடைய ஒரே மகள் அக்காவும். மேலே நாங்கள். பெரியத்தா தையல்காரர். குர்பானிக் கறியில் ஏழைகளுக்கும் உறவினருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சமைக்க வேண்டியதைச் சமைத்தது போக மிஞ்சுவதைப் பெரியம்மா நீளவாக்கில் அரிந்து கொடுப்பார். பெரியத்தா கோணி ஊசியில் தடித்த வெள்ளை நூலைக் கோத்து, பூ தொடுப்பதுபோலப் பட்டைகளை வரிசையாகக் கோப்பார். சரம் நழுவாமல் இருக்கக் கடைசிப் பட்டையை நூலால் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார். தையல்காரர் போட்ட முடிச்சு, சாமான்யத்தில் அவிழாது. காய்ந்ததும் அது உப்புக்கண்டம். காக்கைக்கும் ஐப்பசி மழைக்கும் நான் காவல். சம்பளம் கிடையாது.

காவலுக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டுபோக ஆரம்பித்தேன். கண்டத்தில் பஜ்ஜி. கண்டத்தைப் பொடித்துத் தூவிய முட்டைதோசை. நூடுல்ஸுக்குள் நூடுல்ஸ் மாதிரியே நறுக்கிப் போட்ட கண்டம், சாப்பிடுகிறவர் எது எதென்று கண்டுபிடிக்க வேண்டும். பாயசம் என்றும் எழுதி, பிறகு நானே அடித்துவிட்டேன். ஒன்பதாவது யோசனைக்குக் கீழே மட்டும் மூன்று கோடு போட்டிருந்தேன்: மெல்லிசாகக் கத்தரித்த கண்டம், நிறைய வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சை, எல்லாவற்றையும் வதக்கி நீட்டு ரொட்டியைப் பிளந்து உள்ளே வைப்பது.

பெரியம்மா நோட்டைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத்தான் பார்த்தார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு சொன்னார்: "கண்டம்னா குழம்பு. கத்திரிக்கா போட்டுப் புளிக்குழம்பு. உன் அத்தா தின்னாரு, நானும் தின்னேன், நீயும் தின்னு. போடீ, காக்கா வந்துடப் போவுது."

அந்த வாரம் பெரியம்மாவுக்கு வேறு கவலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முன்பே இரண்டு வீட்டார் வந்து போயிருந்தார்கள். முதல் வீட்டார் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவர்கள், இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இரண்டாவது வீட்டார் வீட்டைச் சுற்றிப் பார்த்து, தையல் மிஷினை இரண்டு தடவை பார்த்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். இதுவும் போய்விட்டால் தன்னால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று பெரியம்மா தினமும் தெருவில் நின்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா மட்டும், முந்தைய இரண்டு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், இந்தத் தடவை காலையிலிருந்து பாட்டு முணுமுணுத்தாள். சனிக்கிழமை மாடிக்கு வந்து என் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"ஒன்பதாவது நல்லா இருக்கே. நாளைக்குப் பண்ணலாமா?"

"பெரியம்மா சமோசா போடறாங்களே."

"அம்மா சமோசாவுல மிளகா இருக்கும், மாவு இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. நீ பண்ணு. அடுப்ப நான் பத்த வெக்கறேன். ஒண்ணே ஒண்ணு, இதுல காரம் போடாத. ஒரு மிளகு கூட வேணாம்."

"ஏன்க்கா? காரம் இல்லாட்டி நல்லாவா இருக்கும்?"

"சொன்னதச் செய்டி, பெரிய சமையல்காரி."

அக்கா இப்படி என்னை மதித்துப் பேசியதே இல்லை. வழக்கமாக அவள் சொல்வது கல்லூரிக் கதைகள்தான். ஆறு மாதம் முன்பு வகுப்போடு நோணாங்குப்பம் போட் ஹவுஸ் போய் வந்தவள், யாரோ ஒரு பையன் மிளகாய் பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டுப் படகிலிருந்து குதிக்கப் பார்த்தான் என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் ஒரு சரத்தை அப்படியே இறக்கி வெந்நீரில் ஊறப்போட்டேன். உப்பு இறங்க இரண்டு முறை தண்ணீர் மாற்றினோம். பட்டைகளை உருவி, பெரியத்தாவின் துணி வெட்டும் கத்தரியை அவருக்குத் தெரியாமல் எடுத்து, மெல்லிசாகக் கத்தரித்தேன். கடைசிப் பட்டை மட்டும் நூலைவிட்டு வரவில்லை. இழுத்தேன், கடித்தேன், அசையவில்லை. நேரமாகிவிட்டது என்று அக்கா அவசரப்படுத்தினாள். அதை மட்டும் முழுசாக, முடிச்சோடும் முழம் நூலோடும், வெங்காயத்துக்கு நடுவே தள்ளி வதக்கிவிட்டேன். வெந்தால் நூல் கரைந்துவிடும் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு மாமா. மாப்பிள்ளையின் அம்மா குறைவாகப் பேசுகிறவர். சலாம் சொன்னார், உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தார். தையல் மிஷினையும் பார்த்தார். பெரியம்மாவின் முகம் வெளிறியது. சமோசா தட்டை மாப்பிள்ளை பக்கம் நீட்ட, அவர் "இப்பதான் சாப்பிட்டு வந்தோம்" என்றார். போச்சு, மூன்றாவதும் போச்சு என்று பெரியம்மா என் அம்மாவைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

அப்போதுதான் அக்கா என் ரொட்டித் தட்டோடு வந்தாள். பெரியம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. விருந்தாளிகள் முன்னால் கேட்கவும் முடியாது. மாப்பிள்ளை ஒன்றை எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். அவருடைய அம்மாவும் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தார்.

கடித்தவர் நிறுத்தினார். இரண்டு விரலால் உதட்டிலிருந்து எதையோ பிடித்து இழுத்தார். நூல் வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. அது எங்கே முடியுமென்று மொத்தக் கூடமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அல்லாவே!" என்றார் பெரியம்மா. "எவ வேல இது?"

நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

நூல் முழுதும் வந்து, கடைசியில் முடிச்சோடு கண்டமும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கண்டம்! எங்க வாப்பாவும் இப்படித்தான் முடிச்சுப் போடுவாரு. இப்ப எல்லாரும் ஃப்ரிட்ஜுல போட்டுடறாங்க. இத யாரு கோத்தது?"

பெரியத்தா கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல, "நான்தான்" என்றார்.

"முடிச்சுன்னா இது முடிச்சு! தையக்காரக் கைன்னு தெரியுதே."

அவ்வளவுதான், கூடம் தளர்ந்துவிட்டது. மாமா சமோசாவை எடுத்தார், கண் கலங்க மென்றார். யார் சமைத்தது என்ற கேள்விக்கு அம்மா என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து நிறுத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா என் தலையைத் தடவினார்.

"எம் மவன் நாலு தின்னுட்டான். வெளிய எங்க போனாலும் இவன் வாயத் தொறக்க மாட்டான், துளி காரம் ஆவாது. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, காரமே போடாம பண்ணியிருக்க?"

உண்மையைச் சொன்னேன். "அக்காதான் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. ஒரு மிளகு கூட வேணாம்னு."

அக்கா தட்டை இன்னொரு தடவை மாமா பக்கம் நீட்டினாள். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். பெரியம்மா அக்காவைப் பார்த்தார், மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார், பெரியத்தா இஞ்ச் டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். நான் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டுமோ என்று நினைத்து, "பெரியம்மா சமோசாவ அவரு தொட மாட்டாருன்னும் சொன்னாங்க" என்றேன். அதை அக்கா சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா நூலை விரலில் சுற்றிக்கொண்டே பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"நாம பேசி முடிக்க இதுங்க ஒண்ணும் மிச்சம் வெக்கல போலிருக்கே. தேதியாவது நம்மளப் பாக்க விடுவாங்களா, கேளுங்க."

அந்த ராத்திரி அக்கா என் கையை ஒரு கிள்ளு கிள்ளினாள், கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். இரண்டில் எது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. என் ஒன்பதாவது யோசனையால்தான் அந்தக் கல்யாணம் நடந்தது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். கல்யாணத்தன்றும் சொன்னேன். எல்லோரும் ஒரு மாதிரிச் சிரித்தார்கள், பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பதினைந்து வயதில் அக்காவோடும் மச்சானோடும் நோணாங்குப்பம் போனபோது, பஜ்ஜிக் கடையைக் கண்டதும் மச்சான் நாலடி பின்வாங்க, அக்கா விழுந்து விழுந்து சிரித்தாளே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வருஷம் தாமதமாக, படகுக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றபடி.

இந்த பக்ரீதுக்கும் கொடியில் பட்டைகள் ஆடுகின்றன. நோட்டு இப்போது போனுக்குள் போய்விட்டது. இந்த வருஷத்து யோசனை: ஊறவைத்த கண்டத்தை மெல்லிசாகக் கத்தரித்து, இருபது காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த விழுதில் புரட்டி, சட்டி கறுக்க வறுத்து, பரோட்டாவில் சுருட்டுவது. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி சினேகிதர்கள் நாலு பேர் வருகிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நாலு பேரில் ஒருவன் மிளகாயை ஊறுகாய் மாதிரி கடித்துத் தின்பவன் என்பதைச் சொல்லவில்லை.

மாடியில் கழியோடு காவலுக்கு நிற்பது அக்காவின் மகள். எட்டு வயது, கேள்வி அதிகம்.

"இருபது மிளகாவா! யாருக்கு சின்னம்மா இவ்ளோ காரம்?"

"சும்மாதான்டி," என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க அவளைப் பக்கத்து வீட்டில் விளையாட விடுவதாக இருக்கிறேன். கடைசிப் பட்டையின் முடிச்சை மட்டும் இந்த முறையும் அவிழ்க்கப் போவதில்லை.