படித்துறைக்கு வாதாடிய விளக்குக்காரர்

எங்கள் நிருபர் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஊர்ச்செய்தியைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசு கன்று போட்டது, மாமியார் வந்து இறங்கியிருக்கிறாள், மகளுக்குப் பல் முளைத்தது, எதுவானாலும் சரி. ஆனால் அங்கே சொன்னது எதுவும் அச்சேறக் கூடாது. ஊரார் விஷயங்களைச் சென்னைக்கு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு, எழுதாமல் விடவும் தெரிய வேண்டும் என்பார் எங்கள் காரியதரிசி. அவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். தம் வீட்டில் பூனை பால் குடித்ததைக்கூட ஜபம் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொல்வார்.

முதல் யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய சமாசாரம் இது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடிதான் சங்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுவோம். காப்பியும் முறுக்கும் கடைக்கார அண்ணாச்சியின் உபயம். அதற்காக அவர் கடையைப் பற்றி ஒரு வரிகூட நாங்கள் எழுதியதில்லை. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. காப்பியை மட்டும் நிறுத்தவில்லை, புண்ணியவான்.

சங்கத்தில் எனக்கு ஜன்ம விரோதி ஒருவர் இருந்தார். வக்கீல் குமாஸ்தா, இன்னொரு சென்னைப் பத்திரிகைக்கு நிருபர். நான் எதை எழுதினாலும் அடுத்த வாரம் அவர் பத்திரிகையில் மறுப்பு வரும். நானும் விடுகிற ஆசாமி இல்லை. தலைமையாசிரியரோடு சண்டை போட்டுப் பள்ளிக்கூடத்து வேலையை உதறியவன் நான். பத்திரிகைச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படியும் வாய் அடங்கவில்லை, என்ன செய்ய!

அந்த வருஷம் எங்கள் சண்டை படித்துறைக்கும் விளக்குக்கும். சிந்துபூந்துறையில் பெண்கள் குளிக்கிற படித்துறை வெள்ளத்தில் இடிந்து கிடந்தது. அதைக் கட்ட வேண்டும் என்று நான். ரயிலடியிலிருந்து ரதவீதிக்குப் போகிற ரஸ்தா வயலுக்கு நடுவே ஒரே கும்மிருட்டு, வாய்க்கால் எது வழி எது என்று தெரியாது, விளக்குக் கம்பம் நட வேண்டும் என்று அவர். முனிசிபாலிட்டி கையில் ஒரு வேலைக்குத்தான் பணம். நான் அவரை ‘விளக்குக்காரர்’ என்று எழுதினேன். அவர் என்னை ‘பாசி படிந்த நிருபர்’ என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்குத் தின்போம்.

அவரைக் கேலி செய்ய எங்களுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. பொழுது சாய்ந்தால் மனிதர் சங்கத்தில் தங்கமாட்டார். பாபநாசத்துக்கு வருஷாந்தர உல்லாசப் பயணம் போனால்கூட, அருவியில் குளித்துப் புளியோதரை தின்று மற்றவர்கள் பாறையில் சாய்ந்திருக்கும்போது, முந்திய ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று குடையைத் தூக்கிவிடுவார். “வீட்டம்மா பிரம்போட நிக்காவளோ?” என்று கேட்போம். “ஆமாவே, உமக்கென்ன!” என்பார்.

ஐப்பசி மழையோடு எனக்கு விஷக் காய்ச்சல் கண்டது. எழுந்து உட்கார முடியவில்லை, நினைவு தப்பித் தப்பி வந்தது. எங்கள் பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பானவர். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் கடிதம் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். என் இடத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் போய்விட்டது. என் மனைவி மருந்தை அரைத்துக்கொண்டே அழுதாள் என்று பிற்பாடு அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

நான் பிழைத்து எழுந்து, தலையணையில் சாய்ந்து கஞ்சி குடிக்கிற பதத்துக்கு வந்தபோது, தபாலில் வந்து சேர்ந்திருந்த பத்திரிகைகளை அவள் எடுத்துக் கொடுத்தாள். வேலை போயிருக்கும் என்றுதான் பிரித்தேன். பார்த்தால், அந்த முதல் வாரம் போக, வாரம் தவறாமல் ‘நமது திருநெல்வேலி நிருபர்’ எழுதியிருக்கிறார்! அதுவும் எப்படி! இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு பிள்ளை, ஈரச்சேலை காலைத் தடுக்க, ஆடுகிற கல்லில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு தாய் தவிக்கிறாளே, அது இந்த நகரசபை அங்கத்தினர்களின் தாய்மாருக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தது. நான் அத்தனை நாளும் அங்கத்தினர்களைத் திட்டித்தான் எழுதியிருந்தேன். கல் ஆடுவதை எழுதத் தோன்றவே இல்லை. காரியதரிசியின் கை என்று நினைத்தேன். அந்தச் சாந்தம் வேறு யாருக்கு வரும்!

அடுத்து விரோதியின் பத்திரிகையைப் பிரித்தேன். அதிலும் வாரம் தவறாமல் விளக்கு, விளக்கு, விளக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“படுத்துக் கெடக்கவனைப் போட்டு அடிக்கானே, இவனெல்லாம் ஒரு மனுசனா?” என்று கத்தினேன். கத்தினதில் இருமல் பிடித்துக்கொண்டது.

என் மனைவி கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி வைத்தாள். “பைய, பைய. ரெண்டையும் எழுதினது அவியதான்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் காணோம் என்று மறுநாள் காலையில் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிற வழியில் விளக்குக்காரர் வந்திருக்கிறார். கதவு மறைவில் நின்று இவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கச்சேரித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் காகிதம் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். கையெழுத்து மாறியதற்கு ‘வலது கை சுளுக்கு, நண்பர் ஒருவர் கையால் எழுதுவிக்கிறேன்’ என்று ஒரு பொய். அப்புறம் வாராவாரம் வந்து, படித்துறையில் எந்தக் கல் ஆடுகிறது, எங்கே வழுக்குகிறது என்று இவளைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். அதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், அதற்கு மறுப்பும் எழுதியிருக்கிறார்!

ஆனால் மறுப்பு எடுபடவில்லை. நகரசபை கூடிப் படித்துறையைக் கட்டுவது என்று தீர்மானம் செய்துவிட்டது. சுளுக்குக்கு நல்லெண்ணெய் தடவும்படி என் ஆசிரியர் அன்போடு கடிதம் எழுதியிருந்தார். அது சங்கத்தில் பரவி, அன்றிலிருந்து எனக்குச் ‘சுளுக்கு’ என்றே பெயர் நிலைத்தது. நிலைத்தால் நிலைக்கட்டும், அந்தப் பெயர்தானே என் வீட்டு அடுப்பை எரிய வைத்தது!

உடம்பு தேறிச் சங்கத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே கோலாகலம். “என்னவே சுளுக்கு, ஆளு பாதியாயிட்டீரே!” என்று ஆளுக்கொரு பக்கம் தட்டினார்கள். அண்ணாச்சி அல்வா வரவழைத்திருந்தார். வீட்டுச் செய்தி சொல்ல விளக்குக்காரரின் முறை வந்தது. “எதிராளி கிட்டத் தோத்துட்டேன்னு எங்க ஆசிரியர் காரசாரமா எழுதியிருக்காரு. எங்க வீட்டுல பொடலங்கா காய்ச்சிருக்கு” என்று உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

பேச்சு நீண்டு அன்றைக்குப் பொழுது அடைந்துவிட்டது. அவர் தவித்துப்போய் எழுந்தார். தனியாகப் பார்த்து நன்றி சொல்ல நானும் பின்னாலேயே போனேன். மாடிப்படியின் தலையில் அவர் நின்றுவிட்டார். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, காலால் படியைத் தேடினார்.

“யாரது, சுளுக்கா? தோளைக் குடும்வே” என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு மாலைக்கண். விளக்கு வச்சா அந்த வெளிச்சம் தெரியும், அதை வச்சு நடந்திருவேன். இல்லேன்னா ஒண்ணும் தெரியாது. ரெண்டு தடவை வாய்க்கால்ல விழுந்து எந்திரிச்சிருக்கேன்.”

முதல் படியில் அவரை இறக்கினேன். “இதை ஒரு நாளாவது வீட்டுச் செய்தியில சொன்னீரா?”

“சொன்னா, தன் கண்ணுக்காக ஊருப் பணத்துல விளக்கு கேக்கான்னு ஆகாதா? நீரே முதல்ல நெனைப்பீரு.”

நினைத்திருப்பேன்தான். “அப்படிப்பட்டவரு படித்துறைக்கு ஏன்வே அவ்வளவு நல்லா எழுதினீரு? சுமாரா எழுதியிருந்தா விளக்கு வந்திருக்குமே!”

“நல்லா கேட்டீரு போம்! உம்ம எடத்துல உக்காந்துட்டு எனக்கு வேணும்ங்கதையா எழுதுவேன்? உம்ம வீட்டம்மா கதவுக்கு அங்கன நின்னு கல்லு ஆடுதுன்னு சொல்லுதாவ. எழுதாம என்ன செய்யச் சொல்லுதீரு?”

ஜவுளிக்கடையில் அரிக்கேன் விளக்கு ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு அன்று ரதவீதியில் அவர் வீடு வரை அவரோடு நடந்தேன். வாய்க்கால் பக்கமாக நான் நடந்தேன். மறு வாரம் எங்கள் வீட்டு விளக்கையே என் மனைவி துடைத்து, திரி கத்தரித்துக் கையில் கொடுத்தாள். அவள் கால் வழுக்காமல் தண்ணீர் எடுத்துவந்த வருஷங்கள் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்கு நான் விளக்குப் பிடித்தேன். அதுமுதல் அவர் கடைசி முறுக்கு தீருமட்டும் சங்கத்தில் உட்கார்ந்து எல்லாரோடும் சண்டை போட்டார்.

பின்னால் ஒரு வழியாக அந்த ரஸ்தாவுக்கும் கம்பங்கள் வந்தன. விளக்கு ஏற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையும் நான் கூடவே இறங்கினேன்.

“அதான் விளக்கு வந்துட்டே. இன்னும் எதுக்குவே பின்னால வாரீரு?”

“விளக்கு ஒழுங்கா எரியுதான்னு பாக்கணும்லா. நான் நிருபன்வே, நடவும்” என்றேன்.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரதவீதி வரை என் தோளிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.