ஒரு நாள் முந்திய ரத்து

எண்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கில் இருந்த மனைவியின் தங்கையைப் பார்த்துவர நாங்கள் இருவரும் டிக்கெட் எடுத்தோம். போகும்போது சென்னையிலிருந்து கப்பல், திரும்பும்போது விமானம், எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். கிளம்ப மூன்று நாள் இருக்கையில் ரேடியோவில் புயல் என்றார்கள். கரையைக் கடக்குமா, கடக்காதா என்று தெளிவாகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். எங்கள் ஊர் பென்னலூர் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

“நாளைக்கு வரைக்கும் பாருங்க. கப்பல்காரன் இன்னா சொல்றான்னு தெரிஞ்சிடும்” என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை. அன்றைக்கே கிடைத்த பஸ்ஸில் சென்னைக்குப் போய் எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்தேன். கட்டணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கப்பல் கம்பெனியே பயணத்தை ரத்து செய்தது. காத்திருந்தவர்களுக்குக் கப்பல் பணம் முழுவதும் திரும்ப வந்தது. விமானக் கட்டணத்தை இன்ஷூரன்ஸ் கொடுத்தது.

நானும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு ஓடினேன். மனுவைப் படித்த குமாஸ்தா, “கப்பல் ரத்தாகறதுக்கு முன்னாடி நீங்களே ரத்து பண்ணிட்டீங்களே சார். உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா பார்க்கலாம்” என்றார்.

எந்த டாக்டரைப் பிடிக்கலாம் என்று கேட்டபடி, சட்டையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்தேன். பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போய்க் கேளுங்க. ஒரு நாள் சும்மா குந்தத் தெரியாததுக்கு இன்னா வியாதின்னு எழுதுறாருன்னு நானும் பார்க்கறேன்.”