அறுந்ததாகச் சொன்ன கயிறு

மலையேறப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் ஊரே சிரித்த காலம் அது. அங்கே யார் என்ன வைத்திருக்கிறார்கள், போய் எடுத்துவர என்று கேட்பார்கள். கூரைக்கு ஓடு மாற்றும் வேலை செய்துவந்த அந்த இளைஞன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஓட்டின்மேல் துள்ளித் துள்ளி நடப்பதால் அவனுக்கு ‘ஆடு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவனோடு சேர்ந்து கெட்டவன் கயிற்றுக்காரரின் மகன். காலணியின் அடியில் ஆணி அடித்துக்கொண்டு, ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதுவரை யாரும் மிதிக்காத ஏழு சிகரங்களில் இருவரும் ஏறி இறங்கினார்கள்.

கயிறு கயிற்றுக்காரர் கொடுத்தது. நீண்ட கொட்டகையில் சணல் நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்னோக்கி நடந்து நடந்தே அவர் கயிறு முறுக்குவார். ஊருக்கெல்லாம் மூன்று புரி, மகன் கட்டும் கயிற்றுக்கு மட்டும் நாலு.

எட்டாவது சிகரத்தில் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. மகனுக்கு விரல்கள் மரத்துப்போய் முடிச்சுப் போட வரவில்லை.

“நீயே கட்டிவிடுடா” என்றான்.

குளிருக்குப் பயந்து ஆடு கையுறையைக் கழற்றாமலே கட்டினான். இழுத்துப் பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் கீழே ஒரு கத்தல். கயிற்றை இழுத்தான். அது சுலபமாக, நுனிவரை வந்தது. ஒரு நார்கூடப் பிரியவில்லை. தனியாக இறங்கியவன், பாதி வழியில் அந்தக் கயிற்றைச் சுருட்டி ஒரு பள்ளத்தில் வீசினான்.

அடிவாரத்தில் கயிற்றுக்காரர் ஓடி வந்தார்.

“எங்கடா அவன்?”

“கயிறு அறுந்துபோச்சுப்பா.”

யோசித்துச் சொன்னதல்ல, பயத்தில் வாய் முந்திக்கொண்டது. கயிற்றுக்காரர் அழவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுவாரம் கொட்டகையைப் பூட்டினார். அதன்பின் ஓர் ஆலை வாசலில் காவல்காரராகக் காலம் தள்ளினார்.

ஆடு, மாதா கோயில் சாமியார்ப் படிப்புக்குக் குருமடத்தில் சேர்ந்தான். நண்பனுக்காக உலகத்தையே விட்டவன் என்று ஊர் மெச்சியது. போகவேண்டிய கயிற்றுக்காரர் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அதை விட்டுக் கோயிலுக்குப் போனவனை என்னவென்று மெச்சுவது?

சில வருஷங்களில் சொந்த ஊர்க் கோயிலுக்கே சாமியாராக வந்தார். இனி ‘அவன்’ என்றால் நன்றாக இருக்காது. ஊரார் தங்கள் பாவங்களை அவர் காதில் கொட்டிவிட்டு லேசாகிப் போனார்கள். கயிற்றுக்காரர் மட்டும் ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார், பாவம் சொல்ல வரமாட்டார். சொல்லிவிட வேண்டும் என்று சாமியார் எத்தனையோ சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனார். கயிற்றுக்காரரின் மகள் காப்பி கொடுப்பாள். குடித்துவிட்டு, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார். இப்படியே முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் அந்த மகளே ஓடி வந்தாள்.

“அப்பாவுக்கு மூச்சு இழுக்குது சாமி. உங்களைத்தான் கேக்கறாரு.”

சாமியார் உள்ளே போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

“எம் புள்ளையை நான்தான் கொன்னுட்டேன் சாமி,” என்றார் கிழவர். “அந்த நார்ல கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. காயட்டும்னு விட்டிருக்கணும். அவன் அவசரப்பட்டான், நானும் முறுக்கிக் குடுத்துட்டேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல.”

சாமியார் கிட்டே போனார். கட்டிலருகே மண்டியிட்டார்.

“அப்பா, உங்க கயிறு அறுந்துபோகவே இல்ல. முழுசா எங்கையில வந்துச்சு. நான் போட்ட முடிச்சுதான் அவுந்துபோச்சு. பயந்துபோய்ப் பொய் சொன்னேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.”

கிழவர் மெதுவாகக் கையை நீட்டி அவர் தலையைத் தடவினார்.

“நல்ல மனசுடா உனக்கு. சாகப்போறவனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்ற. அதுக்காகப் பழியை உந்தலைல போட்டுக்காதே.”

“சத்தியமாச் சொல்றேன்பா.”

“அப்ப அந்தக் கயிறு எங்க?”

காட்டுவதற்குச் சாமியாரிடம் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லக் கிழவருக்குப் பதற்றம்தான் கூடியது. மன்னிப்புக் கிடைக்காமலே போய்விடுவோமோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது.

“நேரமில்ல சாமி. மன்னிப்புக் குடுத்துடுங்க.”

சாமியார் எழுந்தார். வலது கையை உயர்த்தி, செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். கிழவர் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு, அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டார்.