பூசையில் அகப்பட்ட ஏழு வீரர்கள்

எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் நாலு மாடும் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி, யாரும் தன்னிடம் கேட்காத ஒரு துறையில் நிபுணர். கூட்டமாகப் பறந்து கூட்டமாக அடிதடி செய்யும் அதிசய வீரர்களின் காமிக்ஸ் தொகுப்புகளில் எது தேறும், எது தேறாது என்று ஐம்பத்தாறு வயதிலும் கூசாமல் தீர்ப்புச் சொல்வார். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே வாட்ஸ்அப் வாசகர் குழுவில் கருத்துப் பதிவார். “படையில ஏழு பேரு, வேல செய்யறது ரண்டு பேரு. நம்ம வாய்க்கா தூர் வார்றாப்பலயே இருக்குதுங்க” என்பது அவருடைய புகழ்பெற்ற விமர்சனம்.

வீட்டில்தான் செல்வாக்கில்லை. மனைவி ஜானகியம்மாளுக்கு அவையெல்லாம் பொம்மைப் பொஸ்தகம். “பொம்மையில்ல புள்ள, பொஸ்தகம். காலேஜுல படிக்கற பொஸ்தகத்துக்கு ஒண்ணும் கொறஞ்சதில்ல” என்று கல்யாணமான நாள்தொட்டு வாதாடி வந்தார். இந்த நவராத்திரியில் அந்த வாதம் வென்றுவிட்டது. வென்றதுதான் தொல்லை.

‘ஏழு வானவர் படை’ முழுத்தொகுப்பில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. ஏழு பேரில் துரோகி யார் என்பது அதில்தான் தெரியும். மறுநாள் குழுவினர் போனில் கூடிப் பேசும்போது அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் அவர். துர்காஷ்டமி மாலை பால் கறந்துவிட்டு ஆசையாக உள்ளே வந்தால், தொகுப்பு விளக்கின் முன்னால், மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் நடுவே வீற்றிருந்தது. அட்டையில் பறந்துகொண்டிருந்த தலைவனுக்கு நெற்றியில் குங்குமம்.

“ஏம்புள்ள, அத எதுக்கு அங்க வெச்செ?”

“நீங்கதானுங்க அதும் பொஸ்தகம்னீங்க. பொஸ்தகம்னா பூசைக்கு வெக்கோணும். விஜயதசமி வரைக்கும் எதையும் படிக்கப்படாது. பொம்மைதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்.”

ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தார். ஒரு வாழ்நாள் கொள்கை தொண்டையில் வந்து நின்றது. மூடிக்கொண்டார்.

குழுவை நடத்தும் பக்கத்துச் சித்தூர் யாக்கோபுவிடம் போனில் புலம்பினார். “எங்கூட்டுல பூசையில்லீங்ணா, நான் படிச்சு முடிச்சாச்சு. துரோகி ஆருன்னு சொல்லட்டுங்களா?” என்றார் யாக்கோபு.

“சொல்லிப் பாரு, அப்புறம் எங்கூட்டுல உனக்குக் காப்பித்தண்ணி கெடையாது.”

மறுநாள் குழுவின் போன் கூட்டத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தார்: “கடைசி அத்தியாயம் நான் படிக்கலீங்க. பொஸ்தகம் பூசையில இருக்குது.”

குழு திகைத்தது. படிக்காமல் கருத்துச் சொல்வது அங்கே புதிதல்ல. படிக்கவில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டதுதான் புதிது. கொல்லங்கோட்டு நிமி மட்டும் பெருமூச்சு விட்டாள். “எங்கம்மா என்னோடத பழைய பேப்பர்காரருக்குப் போடப் பாத்தாங்க. உங்கூட்டுல பூசையா? குடுத்து வெச்சவருங்ணா நீங்க!”

கடைசி அத்தியாயப் பேச்சு விஜயதசமி மாலைக்குத் தள்ளிப்போனது. ஈஸ்வரமூர்த்திக்கு நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

விஜயதசமி காலையில் அரிசியில் எழுத்தெழுதிவிட்டு, தொகுப்பைக் கையிலெடுத்து நேரே கடைசி அத்தியாயத்துக்குப் பாய்ந்தார்.

“அய்யோ, பூசையில வெச்சத மொதப் பக்கத்துல இருந்துதானுங்க படிக்கோணும்” என்று ஜானகியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சத்தமாப் படிங்க. அப்படி என்னதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்.”

படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஜானகியம்மாள் படத்தின் மேல் விரலை வைத்தார். “இந்தப் பச்சச் சட்டக்காரன் முழியே சரியில்லீங்க. இவந்தான் காட்டிக் குடுப்பான், பாருங்க.”

ஒரு வாசகர் கருத்தை முதன்முறையாக மறுத்துப் பேசாமல், ஈஸ்வரமூர்த்தி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.