ஆமென் வாங்கிய ராக் பாட்டு

எங்கள் ஆம்பூர் வீட்டில் கிதார் சத்தம் கேட்டாலே ஜெபப் பாட்டு என்று கண்ணை மூடிவிடுவார்கள். கூடவே ஆங்கிலமும் சேர்ந்துவிட்டால் கைகள் தாமாக மேலே போகும். பாட்டு எதைப் பற்றியது என்று யாரும் கேட்டதில்லை.

சித்தி ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருந்தாள். சரக்கு பார்க்க வந்த இங்கிலாந்துக்காரரின் போனிலிருந்து ஒரு பாட்டு அவள் போனுக்கு ஏறியது. அந்த ஊர் ராக் குழு ஒன்று பாடி, அங்கே பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பாட்டாம். அந்தச் சமயத்தில்தான் சித்திக்கு ராணிப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். "எனக்கு வேணாம்" என்று சொல்லிப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வரும்போது, ஜெபத்துக்கு முன் வீட்டுப் பிள்ளை ஒன்று ஸ்பெஷல் பாட்டு பாட வேண்டும். அந்த முறை நான். சித்தியே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அர்த்தம் கேட்டேன். "இயேசப்பா பாட்டுதான்டி, பாடு" என்றாள். சர்ச்சில் கிதார் வாசிக்கும் மாமா, வேகத்தைப் பாதியாகக் குறைத்து அதை உருக்கமாக்கினார்.

பாடினேன். மாப்பிள்ளையின் அம்மா முக்காட்டுக்குள் அழுதார். 'என்னை விட்டுவிடு' என்ற வரிக்கு பாஸ்டர் ஆமென் சொன்னார். 'வந்த வழியே போய்விடு' என்றதற்கு இரண்டு ஆமென். அர்த்தம் இப்போது தெரிந்து சொல்கிறேன். அன்று எனக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளை மட்டும் பாதியில் கண்ணைத் திறந்தார். சித்தி தலைகுனியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"நல்லா பாடின பாப்பா. யாரு கத்துக்குடுத்தாங்க?"

"சித்தி!"

"அப்டியா" என்று சொல்லி, கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பாஸ்டர் தொங்கிய முகத்தோடு வந்தார். மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையாம். காரணம் கேட்டால், "எனக்குத்தான் கல்யாணத்துல இஷ்டம் இல்ல, பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல" என்றாராம்.

"என் தங்கச்சிக்கு இன்னா கொறச்சல்? பெரிய இவன்னு நெனப்பு!" என்று அம்மா கத்தினாள். தன் வாசிப்பில் சுருதி விலகியதுதான் காரணமோ என்று மாமா சோர்ந்து போனார். நான் அந்த மனிதருக்குப் பல்வலி வரவேண்டும் என்று மனமுருகி ஜெபித்தேன். சித்தி மட்டும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

சித்தி வேண்டாம் என்று சொன்னது அந்தக் கூடத்தில் ஒரே ஒருவர் காதில்தான் விழுந்தது என்பதும், அவருக்குத்தான் நான் பல்வலி கேட்டேன் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.