ஊரிலிருந்து வந்த எக்ஸ்பர்ட்

பினாங்கில் எது பழுதானாலும் 'ரோசாக்' என்பார்கள். மலாய்ச் சொல். கார் ரோசாக், மின்விசிறி ரோசாக். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் முழங்காலையே ரோசாக் என்றார். இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்குச் சுருக்கென்கிறது. முதன்முதலாக அதை நான் கேட்டது என் கைவரிசையைப் பற்றித்தான்.

புதுக்கோட்டையில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் நான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். இருபது பேருக்கு மூன்று கம்ப்யூட்டர். என் முறை வரும்போது கரண்ட் போய்விடும். ஆகவே கம்ப்யூட்டரிடம் எனக்குப் பக்தி அதிகம், பழக்கம் குறைவு. அந்தச் சான்றிதழை நம்பித்தான் லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகம் எனக்கு வேலையும் பெர்மிட்டும் கொடுத்தது. முதல் நாள், பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். உள்ளே தமிழில் டைப் செய்துகொண்டிருந்த லெட்சுமி அக்கா நிமிர்ந்து பார்த்து, "கோயிலு அடுத்த தெருவுல தம்பி" என்றார்.

இரண்டாவது மாதம், கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்கிறேன் என்று முதலாளியிடம் நானாகவே வாயைக் கொடுத்தேன். புது விண்டோஸ் வந்திருந்தது, பதின்மூன்று பிளாப்பிகளில். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போடுவதுதான் முறை என்பது என் சித்தாந்தம். துடைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லாப் பிளாப்பியையும் செருகி முடித்து, புதுத் திரையை நாலு பேர் பார்க்கும்படி நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தேன். அப்போது கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரர் ஒருவர் மகளின் பத்திரிகைக்காக வந்து நின்றார். அக்கா முந்தின நாளே டைப் செய்து வைத்திருந்தது. தேடினேன். பத்திரிகையும் இல்லை, தமிழ் எழுத்துருவும் இல்லை.

"என்னா தம்பி, ரோசாக்கா?" என்றார் அக்கா.

புது விண்டோஸின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆமாக்கா, லேட்டஸ்ட்" என்றேன்.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும்லா" என்றார். பெர்மிட் போனால் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது? 'தம்பி ஃபாரின்ல கம்ப்யூட்டர் இன்ஜினியர்' என்று அண்ணன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அக்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு பிளாப்பிகளை எடுத்தார். ஒன்றில் எழுத்துரு, மற்றதில் பத்திரிகைகள்.

"எப்பக்கா காப்பி எடுத்தீங்க?"

"நீங்க வந்த நாள்லேருந்து தெனமும் எடுக்கிறேன். ஊர்லேருந்து எக்ஸ்பர்ட் வர்றாருன்னாங்க. பயமா இருந்துச்சுலா."

முதலாளி வந்து எட்டிப் பார்த்தபோது அச்சு ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி நல்லா செஞ்சிட்டாரு" என்றார் அக்கா. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். அதன்பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன. அக்கா ஓய்வு பெற்ற பின்னும் அவருக்கு ஒரு போன் போடாமல் எதையும் நான் துடைத்ததில்லை.

போன மாதம் புதுக்கோட்டை போயிருந்தேன். அண்ணனிடம் பெருமையடிக்கப் புது லேப்டாப் கொண்டுபோனேன். சார்ஜரின் முள் சதுரம், அங்கே சுவரில் துளை வட்டம். "என்னடா, நம்ம வீட்டு ப்ளக்கே உனக்குச் சேரலையா?" என்று சிரித்தார். கடைக்குப் போய் ஓர் அடாப்டர் வாங்கினேன். திரும்பும்போது அண்ணி ஒரு மிக்சி கொடுத்துவிட்டார். அதன் முள் இங்கே சேரவில்லை, அதற்கும் ஓர் அடாப்டர். இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. எது எந்த நாட்டுக்கு என்று ஒவ்வொரு முறையும் செருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.